அம்மாவின் 60ஆவது பிறந்தநாளுக்குக் கண்டியில் எங்கே சாப்பிடுவது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவுக்கு 60 வயது, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவரைச் சனி ஞாயிறு கண்டிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், கூடவே அக்காவும் மச்சானும் 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகளும். அம்மா மரக்கறி மட்டும், முழங்கால் வலி வேறு. சாப்பாட்டுக்கு மொத்தமாக 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள், ஏரிக்கரையில் நல்ல ரெஸ்டூரண்ட் நாலு சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதோடு முடிந்திருந்தால் நாலு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "அம்மா இதுவரைக்கும் பெரிய ஹோட்டலுக்குள்ள போனதில்ல, கூச்சப்படுவாங்க" என்று. என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியே அந்த வரிதான். எந்தக் கடையில் சாப்பாடு நல்லது என்பது இரண்டாவது விசயம், அம்மா எந்த இடத்தில் கூச்சமில்லாமல் வயிறு நிறையச் சாப்பிடுவார் என்பதுதான் முதல் விசயம். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சட்டி கழுவப் போய், காய் நறுக்கி, பிறகு அடுப்புக்கு ஏறி, கண்டியில் இரண்டு ஹோட்டல்களின் சமையலறையில் வேலை பார்த்து, மொத்தம் 26 வருடம். இப்போது கம்பளையில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். அதனால் சமையலறை எப்படி ஓடும், பில் எப்படிப் போடுவார்கள், எந்த நேரத்துக்கு எந்தச் சாப்பாடு சூடாக இருக்கும் என்பதெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியும். இந்த மாதம் இன்ன கடையில் இன்ன சாப்பாடு அருமை என்று மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு நல்ல குக் வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அடுத்த வாரமே கடையின் ருசி மாறிவிடும். இந்த நாலைந்து வருடத்தில் எத்தனை பேர் டுபாய்க்கும் கட்டாருக்கும் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

என் அம்மா கதையை முதலில் சொல்கிறேன், அதிலிருந்துதான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். நான் குக்காக ஏறிய புதிதில், வேலை செய்த ஹோட்டலுக்கே அம்மாவை ஒருநாள் இராச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய மண்டபம், வெள்ளை விரிப்பு, ஆளுக்கு மூன்று முள்ளுக் கரண்டி, பின்னால் வெயிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கொழுந்து பறித்துப் பறித்து விரலில் ஏறிய கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அது வெள்ளை விரிப்பில் தெரியும் என்று நினைத்திருக்கிறார். சூப்பில் நாலு கரண்டி, சோற்றில் ஒரு பிடி, அவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு லயத்துக்குத் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்து ரொட்டி தட்டினார். "பசிக்குதாம்மா?" என்று கேட்டேன். "சாப்பாடு நல்லாத்தான்டா இருந்துச்சு, தொண்டைக்குள்ளதான் எறங்கல" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் பாதி அன்றைக்குப் போனது. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இவ்வளவும்.

முதலில் நேரம். பிறந்தநாள் சாப்பாடு என்றாலே எல்லாரும் இராச் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். ஏரிக்கரையில் சாப்பிடுவதாக இருந்தால் அதைப் பகலுக்கு மாற்றுங்கள். நம் நாட்டில் எந்த மாதமும் ஆறரைக்குப் பிறகு இருட்டிவிடும். ஏழரை மணிக்கு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும், ஏரி தெரியாது. தூரத்தில் ரோட்டு விளக்கு நாலு மினுங்கும், அவ்வளவுதான். ஏரியைப் பார்க்கத்தானே கூடுதலாகக் காசு கொடுக்கிறோம், அதை வெளிச்சத்தில் கொடுங்கள். பகலில் என்றால் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதையும், சில நேரம் கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு தண்ணீரில் நீந்திப் போவதையும் பிள்ளைகள் பார்க்கலாம், அவர்கள் இருக்கையில் இருப்பதற்கு அதுவே போதும். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் கண்டியில் பின்னேரம் மழை பிடித்துக்கொள்ளும், மத்தியானச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

அந்த ஏரியைப் பற்றி அம்மாவுக்குச் சொல்வதற்கும் கொஞ்சம் இருக்கிறது. வயலாக இருந்த இடத்தில் அதைக் கட்டுவித்தவன் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807இல். நாயக்கர் வம்சம், ராஜாவாகும் முன் பெயர் கண்ணுசாமி. வெட்டி எட்டு வருடம் கூட ஆகவில்லை, 1815இல் வெள்ளைக்காரன் அவனைப் பிடித்து, கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பிவிட்டான், அங்கேயே 1832இல் செத்துப் போனான். சிங்களத்தில் ஏரிக்குக் கிரி முகுத என்று பெயர், நம் பாஷையில் பாற்கடல். கரையோரமாக அலை அலையாக ஒரு சுவர் ஓடும், அதில் முக்கோண ஓட்டைகள் இருக்கும், திருவிழாவுக்கு விளக்கு வைக்க. நடுவில் இருக்கும் குட்டித் தீவில் பிறகு வெள்ளைக்காரன் வெடிமருந்து வைத்திருந்தான். சாப்பாடு வரும் வரைக்கும் பேச இது போதும். எங்கள் ஆட்கள் பல பேர் கண்டிக்குப் போய்ப் பஸ் ஸ்டாண்டோடு திரும்பி வருகிறார்கள், இந்தக் கதை யாருக்கும் தெரியாது.

இடத்துக்கு வருவோம். ஏரிக்கரை என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்கிற கடைகள் மூன்று மாதிரி. ஒன்று, ஏரி மட்டத்திலேயே இருக்கிற பழைய ஹோட்டல்கள். தலதா வீதி மூலையில் ஏரிக்கு எதிரே வெள்ளையாக நிற்கிற குயின்ஸ் ஹோட்டல், தெற்குக் கரையில் ஹோட்டல் சுவிஸ். இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படை எடுத்துப் பயன்படுத்தியது அந்த சுவிஸைத்தான். இரண்டாவது, சரணங்கர ரோடு மாதிரி மேட்டுப் பக்கம் ஏறிப் போகிற தங்குமிடங்கள். அங்கேயிருந்து பார்த்தால் ஏரி முழுசாகத் தெரியும், சத்தியமாக நல்ல காட்சிதான், ஆனால் வாசலிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு இருபது முப்பது படி இருப்பது அங்கே சாதாரணம். மூன்றாவது, நகருக்குள் மொட்டைமாடியில் போட்டிருக்கிறவை. உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு முதல் வகைதான் சரி. ஆட்டோ வாசலிலேயே நிற்கும், புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் போனாலும் பக்கம். எந்த இடமானாலும் போன் பண்ணும்போது "லிஃப்ட் இருக்கா" என்று கேட்காதீர்கள், "இருக்கு" என்பார்கள், ஆனால் லிஃப்டுக்குப் போவதற்கே எட்டுப் படி ஏறவேண்டியிருக்கும். "ரோட்டிலிருந்து மேசைக்கு எத்தனை படி" என்று கேளுங்கள்.

அடுத்தது மாசி, அதாவது காய்ந்த மாசிக் கருவாடு. இதை விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அம்மா மரக்கறி மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்களச் சமையலில் மரக்கறி என்றால் கறியின் முக்கியப் பொருள் மரக்கறி என்று அர்த்தம், மீனே இல்லை என்று அர்த்தமில்லை. தேங்காய்ச் சம்பலில் மாசி இடித்துப் போடுவார்கள், லுனு மிரிஸ் என்கிற மிளகாய்ச் சம்பலில் போடுவார்கள், சீனிச் சம்பலில் கட்டாயம் இருக்கும், பருப்பிலும் பிஞ்சுப் பலாக்காய்க் கறியிலும் கீரைச் சுண்டலிலும் கூடச் சில இடங்களில் தூவிவிடுவார்கள். மேசையில் 'வெஜிடபிள்' என்று சீட்டு வைத்திருப்பதை நம்பாதீர்கள், அந்தச் சீட்டை எழுதுகிறவன் சமையலறைக்காரன் இல்லை. வெயிட்டரிடம் கேட்டாலும் "நோ மேடம், ப்யூர் வெஜ்" என்றுதான் வரும், பொய் சொல்லவேண்டும் என்றில்லை, அவனுக்குத் தெரியாது. குக்கை ஒரு நிமிடம் கூப்பிடச் சொல்லி "உம்பலகட தாலா தியெனவத?", அதாவது மாசி போட்டிருக்கா என்று சிங்களத்தில் கேளுங்கள், அவர் தலையைச் சொறிந்தாலே பதில் தெரிந்துவிடும். மரக்கறி ஃப்ரைட் ரைஸ் என்றால் முட்டையைக் கேளுங்கள். சூப் என்றால் கோழி அவித்த தண்ணீரா என்று கேளுங்கள். மரக்கறிக் கொத்து ரொட்டி வாங்கினால் அதே இரும்புத் தட்டில்தான் சற்று முன்னர் மாட்டிறைச்சிக் கொத்துப் போட்டிருப்பார்கள், அதை அம்மா பொருட்படுத்துவாரா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நல்ல ஹோட்டல்களில் இரண்டு நாளைக்கு முன்னரே சொல்லிவைத்தால் மாசி போடாமல் நாலு கறி தனியாக எடுத்துவைப்பது பெரிய வேலையே இல்லை. நாங்கள் எத்தனையோ தரம் செய்திருக்கிறோம், முன்கூட்டியே சொன்னவர்களுக்கு.

பஃபேயா, மெனுவைப் பார்த்துச் சொல்வதா? கூச்சப்படுகிற ஆளுக்குப் பஃபே நல்லது என்பது என் அபிப்பிராயம், சமையலறையில் என்னோடு இருந்த பல பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மெனு அட்டை ஆங்கிலத்தில் இருக்கும், விலையும் போட்டிருக்கும், அம்மா விலையை மட்டும் வாசித்துவிட்டு "எனக்கு ஒண்ணும் வேணாம், ஒரு தேத்தண்ணி போதும்" என்பார். எந்த அம்மாவும் அப்படித்தான். பஃபேயில் எல்லாவற்றுக்கும் முன்னரே காசு கொடுத்தாகிவிட்டது, சாப்பிடாமல் விட்டால்தான் நட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், தானாக எழும்பிப் போவார். கண்ணால் பார்த்து எடுக்கலாம், பிடித்ததை இன்னொரு தரம் எடுக்கலாம், கையால் சாப்பிடலாம், யாரும் பின்னால் நிற்க மாட்டார்கள். முழங்கால் வலிக்கு நீங்களோ அக்காவோ தட்டை ஏந்திக்கொண்டு கூடப் போனால் சரி, ஆனால் அவரை உட்காரவைத்து நீங்களே எடுத்துக்கொண்டு வந்து கொடுக்காதீர்கள். பார்த்துத் தேர்ந்தெடுக்கிறதிலேதான் பாதிச் சந்தோசம்.

ஆனால் பஃபேக்கு ஒரு நேரம் உண்டு. பகல் பஃபே பெரும்பாலும் பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரைக்கு மூடுவார்கள். திறந்த முதல் முக்கால் மணி நேரம்தான் ராஜா வீட்டுச் சாப்பாடு. பிறகு அடியிலிருக்கிற சுடுதண்ணீரின் ஆவியில் கறி வேகிக்கொண்டே இருக்கும், பச்சைக் காய் எல்லாம் காக்கி நிறமாகிவிடும், ஒன்றேமுக்காலுக்குப் பிறகு புதிதாக எதையும் நிரப்ப மனம் வராது, மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டுமே என்ற கணக்கு. இது எல்லா ஹோட்டலுக்கும் பொது, யாரையும் குற்றம் சொல்லவில்லை. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்றைக்கு பஃபே உண்மையில் இருக்கிறதா? தங்கியிருக்கும் ஆட்கள் குறைவாக இருந்தால் பல இடங்களில் பஃபேயை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு தட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள்.

காசு. மெனுவிலோ போனிலோ 4,000 என்று சொன்னால் அடுத்த கேள்வி "நெட்டா, ப்ளஸ் ப்ளஸ்ஸா?" என்பதுதான். நெட் என்றால் எல்லாம் சேர்த்த விலை, ப்ளஸ் ப்ளஸ் என்றால் அதற்கு மேல் 10% சேர்விஸ் சார்ஜ், அந்த மொத்தத்துக்கு மேல் 18% வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 ஆகிவிட்டது. அப்போது 4,000 என்பது 4,400 ஆகி, பிறகு 5,192 ஆகும். சில பில்களில் 2.5% சமூகப் பாதுகாப்பு வரியும் தனியாக ஏறும். நீங்கள் பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பாதி விலை, சின்னதுக்கு இலவசமாகவும் இருக்கலாம், இரண்டையும் சேர்த்து ஒரு ஆள் என்று வைத்தால் ஐந்து ஆள், 25,960 ரூபாய். இது ஒரு உதாரணக் கணக்கு, கண்டியில் எல்லா இடத்திலும் விலை இதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு பெரிய சாப்பாடு போக உங்கள் 40,000இல் 14,000 மிச்சம், அது மற்ற மூன்று வேளைக்குத் தாராளமாகப் போதும், மற்ற மூன்றும் சின்னக் கடைகளாக இருந்தால். நாலு வேளையும் ஏரிக்கரையில் என்றால் முடியாது. முடிந்தாலும் வேண்டாம், இரண்டாவது நாள் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள்.

சனிக்கிழமை இரவுக்கு என் யோசனை, நேராகத் தோசைக்கு. டி. எஸ். சேனநாயக்க வீதியில் பாலாஜி தோசை இருக்கிறது, சைவக் கடை, மாசிப் பயம் இல்லை. பகலில் அவ்வளவு சாப்பிட்ட பிறகு அம்மாவுக்கு ஒரு தோசை, சாம்பார், கடைசியில் சூடாக ஒன்று குடித்தால் போதும், தமிழில் கேட்டுத் தமிழில் பதில் கிடைக்கிற இடம் என்றால் முகமே மாறிவிடும். மச்சானுக்கு இறைச்சி இல்லாமல் சாப்பாடு இறங்காது என்றால், தலதா வீதியில் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் கண்டி முஸ்லிம் ஹோட்டல் இருக்கிறது. கொத்துப் போடுகிற சத்தமே கூட்டிக்கொண்டு போய்விடும். எல்லாரும் ஒரே மேசையில்தான் உட்காரவேண்டும் என்று யார் சொன்னது, நீங்களும் மச்சானும் அங்கே போய்வர அம்மாவும் அக்காவும் அறையில் கால் நீட்டிப் படுத்திருக்கட்டும்.

ஏரிதான் வேண்டும் என்றில்லாமல் தண்ணீர்க்கரை போதும் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது, மகாவலிக் கரை. வட்டாபுளுவைப் பக்கம் மஹாவலி ரீச், ஆற்றோரமாகவே சினமன் சிட்டடல், இரண்டும் நகரத்துக்கு வெளியே, ஆட்டோவோ வேனோ வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே ஓட இடம் இருக்கும். நீச்சல் குளத்தோடு பகல் சாப்பாடு ஒரே விலைக்குக் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு நான் ஏரியைத்தான் சொல்வேன். ஆற்றங்கரை ஹோட்டல்கள் பெரிசு, வாசலில் இறங்கினதுமே அந்தப் பளிங்குத் தரையைப் பார்த்துச் செருப்பைக் கழற்றவா என்று அம்மா கேட்பார். என் அம்மா கேட்டார்.

இணையத்தில் நட்சத்திரம் போட்டிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டிக் கடைகளுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களில் நிறையப் பேர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் "உறைப்பே இல்லை, அருமை" என்று ஐந்து நட்சத்திரம் போட்ட இடத்தில் நம் ஆட்களுக்கு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். அவர்கள் "சத்தம், பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் எரிகிறது" என்று இரண்டு நட்சத்திரம் போட்ட இடம் சில நேரம் நமக்குத் தேவையான இடம். உள்ளூர்ப் பெயர்கள் எழுதியதை மட்டும் பிரித்து, அதிலும் கடைசி மூன்று மாதத்தில் எழுதியதை மட்டும் வாசியுங்கள். புதிதாகத் திறந்த மொட்டைமாடிக் கடைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாததற்குக் காரணமும் அதுதான், படத்தில் விளக்கெல்லாம் அழகாக இருக்கிறது, சோறு எப்படி என்று நான் வாயில் வைத்துப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

கேக். ஹோட்டலிலேயே செய்யச் சொன்னால் விலை ஏறும், வெளியே வாங்கிக்கொண்டு போனால் சில இடங்களில் வெட்டிக் கொடுப்பதற்கு ஒரு காசு கேட்பார்கள், சில இடங்களில் உள்ளேயே விட மாட்டார்கள், அதனால் முன்னரே கேட்டுவிடுங்கள். அம்மா முட்டையும் சாப்பிட மாட்டார் என்றால் பட்டர் கேக், ரிப்பன் கேக் எதுவும் ஆகாது, முட்டையில்லாத கேக் என்று தனியாகச் சொல்லவேண்டும், இரண்டு நாளாவது அவகாசம் கொடுங்கள். கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், அடுக்கி வைத்த லட்டுக்கு மேலே மெழுகுதிரி குத்தி ஊதினாலும் பிள்ளைகளுக்கு அது கேக்தான். முக்கியமாக ஒன்று, வெயிட்டர்மார் ஆறேழு பேர் ரபான் மேளத்தைத் தட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நின்று பாடுவார்களே, அதை வேண்டாம் என்று புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள். சில பேருக்கு அது பிடிக்கும். உங்கள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார் என்று நினைக்கிறேன், இது என் ஊகம், நீங்கள்தான் அறிவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையைச் சீக்கிரம் முடிக்கலாம். தங்குமிடத்தில் காலைச் சாப்பாட்டோடு அறை எடுத்திருந்தால், முந்தின இரவே இடியப்பம், பருப்பு, மாசி போடாத சம்பல் என்று சொல்லிவையுங்கள், பாண் துண்டும் ஜாமும் அம்மாவுக்கு எதற்கு. வெயில் ஏறுமுன் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு நடை. அப்படியே போகிற வழியில் பேராதனைப் பூங்கா, 1821இல் தொடங்கினது, 147 ஏக்கர், மகாவலி அதை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகும். அம்மாவுக்கு முழுசையும் நடக்கக் காலில்லை, அந்தப் பெரிய ஆலமர மாதிரி விரிந்து கிடக்கிற அத்தி மரத்தடி வரைக்கும் போனால் போதும். பகலுக்கு ஹோட்டல் வேண்டாம், கம்பளையிலோ நாவலப்பிட்டியிலோ ஒரு சைவக் கடையில் சோறு சாப்பிட்டுவிட்டு கினிகத்தேனை வழியாக ஏறிவிடலாம், இருட்டுமுன் வீடு போய்ச் சேரலாம்.

நாள் பார்த்துப் போங்கள். வெள்ளியோ திங்களோ போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, விழுகிற வாரம் என்றால் கண்டிக்குள் வாகனம் நகராது, மேசையும் கிடைக்காது. போயா அன்றைக்குச் சாராயம் விற்க மாட்டார்கள், அது உங்களுக்குப் பிரச்சினையில்லை, மச்சானிடம் கேளுங்கள். ஆடி ஆவணியில் தலதா மாளிகையின் எசல பெரஹெரா ஊர்வலம் நடக்கிற நாட்களில் இந்தப் பதிலில் உள்ள எதுவும் செல்லாது, அறை விலையே தலைகீழாக இருக்கும். தலதா மாளிகைக்குள் போவதாக இருந்தால் சாயங்காலப் பூசை ஆறரைப் பக்கம், அதற்கு முன்னும் பின்னும் ஏரி ரோட்டில் நெரிசல், பகல் சாப்பாட்டுக்கு முன்னரே போய்வந்துவிடுவது நல்லது, தோளும் முழங்காலும் மூடின உடுப்பாக இருக்கவேண்டும்.

கடைசியாக, அம்மாவிடம் சொல்லாமல் திடீரென்று கூட்டிக்கொண்டு போய் ஆச்சரியப்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. ஒரு வாரத்துக்கு முன்னரே சொல்லுங்கள், எங்கே போகிறோம், என்ன சாப்பிடப் போகிறோம், கையால்தான் சாப்பிடப் போகிறோம் என்பது வரைக்கும். அவருக்கு விரதம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற குளிசையை எடுத்து வைக்கவேண்டும், ஹட்டனை விடக் கண்டி சூடு என்பதால் கம்பளிச் சட்டையை விட்டுவிட்டு வரவேண்டும், எந்தச் சேலை என்று அக்காவோடு இரண்டு நாள் பேசவேண்டும். பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு நாலு நாள் வேண்டாமா?